ஆறு தூண்டில்கள் நிற்கும் இடம்

ஹைதராபாத்தின் ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு காலி மனையில் கடல் படகு ஒன்று ஒன்றரை மாதம் நின்றது. கோவாவில் பழையதாக வாங்கி, டிரெய்லரில் ஏற்றி, காக்கிநாடாவுக்குக் கொண்டுபோகும் வழியில் அங்கே நிறுத்தியிருந்தார்கள். இருபத்தெட்டு அடி நீளம், வெள்ளை நிறம், பின்னால் இரண்டு என்ஜின். காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, "இந்த வருஷம் மழை அவ்வளவு பெரிசா வருமா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

படகு ஃபெலிக்ஸுடையது. தூத்துக்குடிக்காரன், முப்பத்தாறு வயது, மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அலுவலக நண்பர்கள் இருவரும் அதில் கூட்டு. விடுமுறை நாட்களில் ஆழ்கடலுக்குப் போய்த் தூண்டிலில் பெரிய மீன் பிடிக்க வேண்டும் என்பது மூவருக்கும் பல வருட ஆசை. வலை கிடையாது, வியாபாரம் கிடையாது, தூண்டில் மட்டும்தான்.

அதற்குப் படகின் நடுவில் ஒரு ஸ்டாண்ட் தேவைப்பட்டது. ஆறு தூண்டில் கோல்கள் அதில் செருகி நிற்க வேண்டும். படகு ஓடும்போது ஆறு நைலான் நரம்புகளும் சிக்கிக்கொள்ளாமல் பின்னால் வர வேண்டும். மேலே இரை வெட்டும் பலகையும், கீழே கொக்கிகளுக்கு இழுப்பறையும் வேண்டும். ரெடிமேடாகக் கிடைத்தது எதுவும் அந்தத் தளத்துக்குப் பொருந்தவில்லை. விசாரித்து விசாரித்து ஃபெலிக்ஸ் கடைசியில் குஷாய்குடாவில் இருந்த காஞ்சனாவின் பட்டறைக்கு வந்து சேர்ந்தான்.

காஞ்சனா மருத்துவமனைக் கட்டில் செய்கிறவள். கொள்ளுத்தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்து மல்காஜ்கிரியிலேயே தங்கிவிட்ட குடும்பம். ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தபோது வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். எவர்சில்வர் குழாயில் அவள் போட்ட ஆர்கான் வெல்டிங்கை மெருகேற்றிய பிறகு தடவிப் பார்த்தால், எந்த இடத்தில் இணைத்தாள் என்று விரலுக்குத் தெரியாது. ஆனால் நாற்பத்து மூன்று வயதுக்குள் கடலை இரண்டே முறைதான் பார்த்திருந்தாள், அதுவும் கணுக்கால் நனைகிற அளவுக்கு.

ஃபெலிக்ஸ் போனில் ஒரு வெளிநாட்டுப் படத்தைக் காட்டினான். ஆறு குழாய்கள் ஒரே வரிசையில் நேராக நின்றன.

"இதே மாதிரி செஞ்சு தர முடியுமாக்கா?"

"இதே மாதிரி எதுக்கு? படகைக் காட்டுங்க தம்பி. அதுக்கு எது சரியா வருமோ அதைச் செய்யலாம்."

மறுநாள் படகில் ஏறியதும் அவள் அளவு எடுக்கவில்லை. ஃபெலிக்ஸின் கையில் ஒரு தூண்டில் கோலைக் கொடுத்து, மீன் மாட்டினால் என்ன செய்வானோ அதைச் செய்யச் சொன்னாள். எந்தப் பக்கம் திரும்புவான், எந்தக் கையால் கோலை உருவுவான், கால் எங்கே படும் என்று ஒவ்வொன்றுக்கும் தளத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். தண்ணீரே இல்லாத மனையில் ஒரு மனிதன் வியர்க்க வியர்க்க மீன் இழுப்பதை மதில் மேல் ஏறி நின்று பத்துப் பேர் பார்த்தார்கள். பிறகு ஆறு குழாய்த் துண்டுகளை நிறுத்தி, ஒவ்வொன்றிலிருந்தும் மதில் சுவர் வரை நூல் கட்டினாள். படத்தில் இருந்தபடி நேராக நிறுத்தினால் நூல்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறின. ஓரத்துக் குழாய்களை வெளிப்பக்கம் சாய்த்து, நடுவில் உள்ள இரண்டை ஒரு சாண் உயர்த்தியதும் ஆறும் விசிறி மாதிரி விரிந்தன.

"அட, இது எனக்குத் தோணலியேக்கா" என்றான் ஃபெலிக்ஸ்.

உப்புக் காற்றில் சாதாரண எவர்சில்வர் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் கடல் வேலைக்கு உரிய 316 ரகக் குழாய்தான் வேண்டும் என்று வரவழைத்தாள். வந்த ஒவ்வொரு குழாயிலும் சோதனை மருந்தை ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, தேறாத இரண்டைத் திருப்பி அனுப்பினாள். வெல்டிங் முழுவதையும் அவளே போட்டாள். மெருகு போட்டது அப்துல் ரஹீம். ஆம்பூர்க்காரர், ஐம்பது வயது, அவளோடு ஒன்பது வருடமாக வேலை செய்கிறவர், நூற்றுப் பத்து கிலோ ஆள். அவர் கை பட்டு முடிந்தபோது ஸ்டாண்டில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வியாழக்கிழமை பகலில் அதைத் தளத்தில் வைத்து எட்டு போல்ட்டுகளை முடுக்கினார்கள். ஃபெலிக்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு கோல்களையும் செருகி, சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை படகு காக்கிநாடாவுக்குக் கிளம்ப வேண்டும்.

"ரஹீம் பாய், இதைப் பிடிச்சுத் தொங்குங்க" என்றாள் காஞ்சனா.

"நானா? கைக்கு அம்மா, எதுக்கு? மீன் என்னைவிட வெயிட்டா?"

ஃபெலிக்ஸ் சிரித்தான். "அக்கா, பன்னெண்டு கிலோ இழுத்தாலே ரீல் நரம்ப விட்டுரும். அதுக்கு மேல ஸ்டாண்டுக்குப் பாரமே வராது, பாத்துக்கிடுங்க."

"மீனுக்கு ரீல் விடும் தம்பி. மனுஷன் விடமாட்டான். பன்னெண்டு வருஷமா கட்டில் செய்யறவ நான். விழப்போற பேஷன்ட் எது கைக்குக் கிடைக்குதோ அதைத்தான் பிடிப்பான். படகு ஆடுச்சுன்னா நீங்களும் இதைத்தான் பிடிப்பீங்க."

அப்துல் ரஹீம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். மேல் கம்பியைப் பிடித்து முழு உடம்பையும் பின்னால் சாய்த்தார். கீழே எங்கோ டப்பென்று ஒரு சத்தம் கேட்டது.

காஞ்சனா குனிந்து பார்த்தாள். வெல்டிங் அப்படியே இருந்தது. ஆனால் அடித்தட்டைச் சுற்றி வெள்ளைத் தளத்தில் தலைமுடி அளவு விரிசல் ஓடியிருந்தது.

"ஸ்டாண்டு கல்லு மாதிரிதான நிக்கு" என்றான் ஃபெலிக்ஸ். "கீறல்தானக்கா. பெயின்ட்டப் பூசிருவோம்."

"நக்கோ தம்பி, வேணாம். கழட்டணும்."

"என்னக்கா இப்படிச் சொல்லுதீங்க? டிரெய்லர்காரர் ஞாயித்துக்கிழமை வந்துருவாரு. ரெண்டு பேரு லீவு போட்டுட்டு நிக்கானுவ. தளம் உங்க வேலையே இல்லயே!"

"என் ஸ்டாண்ட் அது மேலதானே நிக்குது?"

தளத்தில் இருந்த சின்ன மூடியைத் திறந்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அவள் ஒருத்திதான் நுழைய முடிகிற இடுக்கு. மல்லாந்து படுத்து, தளத்தின் அடிப்பக்கத்தில் போல்ட் துளையின் ஓரத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்தினாள். அது டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி உள்ளே இறங்கியது. இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே இருந்த மரம் பழைய தண்ணீரில் ஊறிப் போயிருந்தது. எட்டு போல்ட்டுகளும் அந்த ஊறிய மரத்தைத்தான் நம்பி நின்றன.

வெளியே வந்து கையில் ஒட்டியிருந்த மரத்தூளைக் காட்டியபோது ஃபெலிக்ஸ் டிரெய்லர்காரருக்குப் போன் போட்டான். பயணத்தைப் பத்து நாள் தள்ளிப்போட்டான். இரண்டு நாள் அவளுடைய போனையும் எடுக்கவில்லை. காஞ்சனாவுக்கு அது உறுத்தியது. ஊரே பார்த்துப் பாராட்டிய வேலையைக் கழற்றிப் பட்டறையின் மூலையில் வைப்பது அவளுக்கு மட்டும் சுகமாகவா இருக்கும்? ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை.

ஃபைபர் வேலை அவளுக்குத் தெரியாது. அதனால் நீர்விளையாட்டுப் பூங்காக்களுக்குச் சறுக்குப் பாதை செய்கிற சின்னசாமியை வரவழைத்தாள். அவர் ஊறிய மரத்தை வெட்டி எடுத்து, புதுப் பலகை பதித்து, மேலே ஃபைபர் போட்டு மூடினார். தளத்துக்கு அடியில் வைக்க ஆறு மில்லிமீட்டர் கனத்தில் அகலமான 316 ரகத் தட்டு ஒன்றைக் காஞ்சனா வெட்டினாள். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, நடுவில் தளம். அந்தக் கீழ்த் தட்டிலிருந்து படகின் விலா எலும்பு போன்ற குறுக்குக் கட்டைகளுக்கு இரண்டு கால்கள் கொடுத்தாள். அவ்வளவும் யார் கண்ணிலும் படாது. இருந்தும் அதன் விளிம்புகளை அப்துல் ரஹீம் தேய்த்துத் தேய்த்து மழமழப்பாக்கினார்.

"உள்ளே போறதுக்கு எதுக்கு பாய் இவ்வளவு பாலிஷ்?" என்று சின்னசாமி கேட்டார்.

"நம்ம வேலைன்னு நமக்குத் தெரியும்ல?" என்றார் ரஹீம்.

ஃபெலிக்ஸ் வந்தபோது மறுபடியும் தொங்கிக் காட்டினார்கள். முதலில் ரஹீம் தொங்கினார், பிறகு அவரோடு சின்னசாமியும் சேர்ந்துகொண்டார். சத்தமே இல்லை. ஃபெலிக்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டு, தானும் மூன்றாவது ஆளாகத் தொற்றினான். ஸ்டாண்ட் அசையவில்லை. இறங்கி வந்து, "கோவத்துல போன எடுக்காம இருந்துட்டேன். மனசுல வச்சிக்கிடாதீங்கக்கா" என்றான்.

"அதை விடுங்க. நரம்பு கட்டிப் பாத்தீங்களா?" என்றாள் அவள்.

முதல் பயணத்துக்கு அவள் வந்தே ஆக வேண்டும் என்று ஃபெலிக்ஸ் பிடிவாதம் பிடித்தான். காக்கிநாடாவில் விடிந்ததும் கிளம்பினார்கள். கரை மறைந்த அரை மணி நேரத்தில் காஞ்சனாவுக்குத் தலை சுற்றியது. படகு ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் விழ, அவள் இரண்டு கைகளாலும் ஸ்டாண்டைக் கட்டிக்கொண்டாள். காலையில் சாப்பிட்டதெல்லாம் கடலுக்குப் போயிற்று. அந்த ஸ்டாண்டை நம்பி உயிரைப் பிடித்துக்கொண்டு நின்ற முதல் ஆள் அதைச் செய்தவளே.

ஆனால் கண்ணை மட்டும் அவள் மூடவில்லை. ஆறு கோல்களும் அவள் வைத்த சாய்வில் நின்றன. ஆறு நரம்புகளும் தனித்தனியாக நீலத் தண்ணீரில் கோடு இழுத்தன. வளைந்து திரும்பியபோதுகூட ஒன்றையொன்று தொடவில்லை.

திடீரென்று இடது ஓரத்துக் கோல் வில்லாக வளைந்தது. ரீல் அலறியது. "சீலா! சீலாதான்!" என்று கத்தினான் ஃபெலிக்ஸ். வஞ்சிரத்தை அவன் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். காஞ்சனா மீன் இருந்த பக்கம் பார்க்கவில்லை. சட்டென்று உட்கார்ந்து அடித்தட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மேலே அத்தனை ஆர்ப்பாட்டம் நடக்க, தளத்தில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. ஃபெலிக்ஸ் கோலை உருவிய கை, சாக்பீஸ் கோடு போட்ட அன்று உருவிய அதே வழியில் போயிற்று, எதிலும் இடிக்கவில்லை.

இருபது நிமிடப் போராட்டத்துக்குப் பிறகு பதினான்கு கிலோ வஞ்சிரம் படகுக்குள் வந்து விழுந்தது. நண்பர்கள் துள்ளினார்கள்.

"அக்கா, வாங்க! மீனப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, படம் எடுப்போம்!"

"மீனை நீங்க பிடிங்க" என்றாள் வெளிறிய முகத்தோடு. "என்னோடது இது." ஸ்டாண்டின் மேல் கம்பியில் கையை ஊன்றி, ஈரத் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, நிமிர்ந்து நின்றாள்.

அந்தப் படத்தைப் பார்த்து இரண்டு மாதத்துக்குள் விசாகப்பட்டினத்துப் படகுக்காரர் ஒருவரும் கோவாவிலிருந்து ஒருவரும் பட்டறையைத் தேடி வந்தார்கள். காஞ்சனா பெயர்ப்பலகை எழுதுகிறவரைக் கூப்பிட்டு, 'மருத்துவமனைக் கட்டில்கள்' என்ற வரிக்குக் கீழே 'கடல் படகு வேலைகள்' என்று சேர்க்கச் சொன்னாள். அவர் பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்.

"மேடம், கடலா? ஹைதராபாத்லயா?"

"ஹவ், ஆமா, கடல்தான்" என்றாள் காஞ்சனா. "அந்த எழுத்தைக் கொஞ்சம் பெரிசாவே போடுங்க."