வியாழக்கிழமைக் கோடு

எனக்குப் பெயரில்லாத சாமான் பிடிக்காது. ஆய்வகத்தில் ஒரு திருகாணி கிடந்தால்கூட அது எந்தக் கருவியுடையது, எப்போது கழற்றியது, யார் கழற்றியது என்று ஒரு சீட்டு அதோடு தொங்க வேண்டும். "சைரா செத்தா அவ கல்லறையிலயும் வரிசை எண் இருக்கும்" என்று இங்கே கேலி பேசுவார்கள். இருக்கட்டுமே. தேடி வருகிறவர்களுக்குச் சௌகரியம்தானே.

அதனால்தான் எனக்கு முன்னால் இந்தக் கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்த எகோர் லுக்கிச்மேல் எனக்கு அத்தனை கடுப்பு. கெட்டிக்காரக் கை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருபத்தாறு வருஷ வேலைக்கு மனிதர் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. ஓய்வு பெற்ற அன்று பீரோச் சாவியை என் கையில் கொடுத்து, "எல்லாம் உள்ள இருக்கு" என்றார். உள்ளே பார்த்தால் வளையம், வயர், மூடியில்லாத டப்பா, பாதி எரிந்த மெழுகுவத்தி, ஒற்றைக் கையுறை. அடுத்த குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். நோவோசிபிர்ஸ்கிலிருந்து மகன் வந்தான், அடக்கம் செய்தான், மூன்றாம் நாள் விமானம் ஏறிவிட்டான். அந்த பீரோவை ஒழித்து, ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்ட எனக்கு எட்டு மாதம் பிடித்தது.

கரகோல் ஊரில் இருக்கும் எங்கள் சின்ன ஆய்வகத்துக்கு உயிர் ஒரே ஒரு கருவிதான். குரோமட்டோகிராஃப். வெண்ணெயைக் கொடுத்தால் அதிலுள்ள கொழுப்புகளைத் தனித்தனியாகப் பிரித்து, திரையில் கோடு போட்டுக் காட்டிவிடும். பசு கொடுத்ததா, பாமாயில் கலந்ததா என்று தெரிந்துவிடும். ஏரியைச் சுற்றி வெண்ணெய் எடுக்கிறவர்கள் அத்தனை பேரும் எங்களிடம்தான் வருவார்கள். அதற்குள்ளே தீக்குச்சி முனை அளவு சுடர் ஒன்று எரிந்துகொண்டிருக்கும். சுடருக்கு வேண்டிய காற்றைப் பின்னறையில் உள்ள கம்ப்ரசர் இழுத்து அனுப்பும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் திரையின் அடியில் கோடு ஆடாமல் அசையாமல் படுத்திருக்கும்.

போன நவம்பரிலிருந்து அந்தக் கோடு நடுங்க ஆரம்பித்தது. தினமும் இல்லை. நாலு நாள் சமர்த்தாக இருக்கும், ஒரு நாள் குளிர்ஜுரம் வந்தவன்மாதிரி உதறும். நடுங்கும் கோட்டை வைத்துக்கொண்டு யாருடைய வெண்ணெயையும் நல்லது கெட்டது சொல்ல முடியாது. நான் வடிகட்டிகளை மாற்றினேன். ரப்பர் அடைப்பை மாற்றினேன். சுடர் எரியும் பகுதியைக் கழற்றி மூன்று தடவை கழுவினேன். ஒன்றும் பலிக்கவில்லை. பிப்ரவரியில் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து கடிதம் வந்தது. மார்ச் பதினான்காம் தேதி ஆய்வாளர் வருவார், அவர் முன்னால் சோதனை ஓட்டம் சரியாக வராவிட்டால் கருவியை பிஷ்கெக்குக்கு எடுத்துப் போய்விடுவார்கள். அப்புறம் வெண்ணெய்க்காரர்கள் ஒரு டப்பா வெண்ணெய்க்காக ஏழு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். நான் காலி மேஜையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆய்வுக்கு முந்தைய நாள், புதன்கிழமை காலை, பராமரிப்பு நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சுவர்க் காலண்டர் முன்னால் போய் நின்றேன். நோட்டில் நான் தேதி எழுதுவேன், நேரம் எழுதுவேன், அறையின் வெப்பம்கூட எழுதுவேன். கிழமை மட்டும் எழுதியதில்லை. கோடு நடுங்கிய நாளையெல்லாம் காலண்டரில் சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொண்டே போனேன். நவம்பர் ஒன்பது. பதினாறு. டிசம்பர் ஏழு. ஜனவரி பதினொன்று. நடுவில் இரண்டு மூன்று வெள்ளி. மற்றதெல்லாம் ஒரே வரிசையில் மேலிருந்து கீழே இறங்கியது.

வியாழக்கிழமை.

வியாழக்கிழமை எங்கள் ஆய்வகத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? கண்ணாடிச் சாமான் கழுவும் புரூல், மதியம் தேநீர் அறையில் வாணலி வைத்து, எண்ணெய் காயவிட்டு, இறந்தவர்களுக்காக பொர்சோக் பொரிப்பாள். அந்த எண்ணெய் மணம்தான் அவர்களுக்குச் சாப்பாடு, பொரித்த மாவு நமக்கு. தேநீர் அறைக்கு அடுத்ததுதான் பின்னறை. அங்கேதான் கம்ப்ரசர். நாலு மாதமாக எண்ணெய்ப் புகையைக் கருவிக்கு ஊட்டிவிட்டு, நான் வாய் நிறைய பொர்சோக்கை வைத்துக்கொண்டு கருவியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நேரே கழுவும் தொட்டிக்குப் போனேன். புரூல் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள், அதனால் எனக்கு எஜே, அக்கா.

"எஜே, நாளைக்கு எண்ணெய் வைக்காதீங்க."

"ஏன், உனக்கு வயிறு சரியில்லையா?"

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு குடுவையைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஒரே ஒரு வாரம் எஜே. அந்த ஆள் வந்துட்டுப் போகட்டும்."

"செத்தவங்க என்ன உன் பிஷ்கெக்குக்காரன்மாதிரி கடுதாசி போட்டுட்டா வர்றாங்க? வியாழக்கிழமை வருவாங்க. மணம் இருக்கான்னு பாப்பாங்க. இல்லன்னா பட்டினியாத் திரும்பிப் போவாங்க. அது உனக்குப் பரவால்லையா?"

"வீட்டுல பொரிங்களேன்."

"மருமக திரைச்சீலை நாறுதுங்கறா. பத்துப் பன்னெண்டு வருஷமா இங்கதானே பொரிக்கிறேன். அதோட, லுக்கிச் என் வீட்டுக்கு எப்படி வருவாரு? அவருக்குத் தெரிஞ்ச இடம் இது ஒண்ணுதான்."

"யாருக்குப் பொரிக்கிறீங்க?"

"மாமனாருக்கு, மாமியாருக்கு, என் வீட்டுக்காரருக்கு. இப்ப லுக்கிச்சுக்கும்."

"அவர் ரஷ்யக்காரர் எஜே. அவங்க வழக்கம் வேற."

"மணத்துக்கு அதெல்லாம் தெரியுமாடி? மகன் மண்ணைத் தள்ளிட்டுப் பறந்துட்டான். அந்த மனுஷனை நினைக்க இந்த ஊர்ல யாரு இருக்கா? நீ நினைக்கிறியா?"

நினைக்கிறேன், திட்டுவதற்காக.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன். "அவருக்குப் பொரிக்கிற எண்ணெயே அவரோட கருவியைக் கெடுக்குது."

"அவரு இருந்தப்பவும்தான் பொரிச்சேன். அப்ப மட்டும் ஏன் கெடல?"

"கெட்டிருக்கும். அவர்தான் ஒண்ணும் எழுதி வைக்கலையே!"

"கெட்டுச்சு, ஒரே ஒரு நாள்." புரூல் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "வாசல்ல வந்து நின்னாரு. இது என்னன்னு கேட்டாரு. செத்தவங்களுக்குன்னேன். ஒரு வார்த்தை பேசல. ரெண்டு எடுத்து வாயில போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. மறுநாள் பாத்தா, பின்னறை ஜன்னல் வழியா தோட்டத்துப் பக்கம் ஒரு குழாய் தொங்குது, நுனியில என் டீ வடிகட்டி. வடிகட்டியத் திருடிட்டாரேன்னு ஒரு வாரம் அவரைத் திட்டினேன்."

எனக்குக் காது சுட்டது. அந்தக் குழாயை எனக்குத் தெரியும். நோட்டைப் பிரித்தேன். என்னுடைய அழகான கையெழுத்தில் இருந்தது: நவம்பர் ஆறு. குளிர்காலத்துக்காகப் பின்னறை ஜன்னல் அடைக்கப்பட்டது. கம்ப்ரசரிலிருந்து தேவையற்ற குழாய் அகற்றப்பட்டது.

வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளத்தான் அவர் அந்தக் குழாயை மாட்டியிருக்கிறார். கருவியும் கெடக் கூடாது, அவளும் பொரிப்பதை நிறுத்தக் கூடாது. யாரையும் ஒரு சொல் சொல்லாமல் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறார். நான்தான் ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று பிடுங்கிப் போட்டிருக்கிறேன். அவர் எழுதி வைக்காதது தப்பு, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இது எதற்கு என்று கழற்றும் முன் ஒரு ஆளைக்கூட நான் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"என்னடி, முகம் போற போக்கே சரியில்ல?"

"குழாய நான்தான் கழட்டினேன் எஜே."

"உன் நோட்டுல எல்லாம் இருக்கு" என்றாள் புரூல். "மனுஷங்ககிட்ட கேக்கறது மட்டும் இல்ல."

பீரோவில் தேட வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் தட்டு, இடது ஓரம், சீட்டோடு இருந்தது: குழாய், ஆறு மீட்டர், பயனற்றது. வடிகட்டி தனியாக, இன்னொரு சீட்டோடு. ஜன்னல் ஓரத்தில் ஒட்டியிருந்த காகிதப்பட்டையைக் கிழித்து, குழாயை மாட்டி, இடுக்கில் பழைய கம்பளித் துண்டைத் திணித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. புரூல் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். வடிகட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போகட்டும், அவருக்கே இருக்கட்டும்" என்று கொடுத்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு ஆய்வாளர் சமாத் வந்தான். முப்பது வயதுகூட இருக்காது, பேனா மட்டும் மூன்று வைத்திருந்தான். சீட்டுகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். தராசு, குளிர்பெட்டி, அடுப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குரோமட்டோகிராஃபுக்கு வரும்போது மணி ஒன்றரை. சரியாக அந்த நேரத்துக்குத் தேநீர் அறையில் எண்ணெய் சீறியது. மணம் நடைக்கு வந்தது, எங்கள் அறைக்குள் நுழைந்தது. சமாத் மூக்கை உறிஞ்சினான்.

"பொர்சோக்கா, எஜே?"

"வேலையப் பாருங்க" என்றேன்.

ஓட்டத்தைத் தொடங்கினேன். நாற்பது நிமிஷம் நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெண்ணெயின் ஒவ்வொரு கொழுப்பும் அதனதன் இடத்தில் எழுந்து இறங்கியது. நடுவே கோடு படுத்தே கிடந்தது. ஒரு சிணுங்கல் இல்லை. அந்தப் பக்கம் வாணலியில் அடுத்த ஈடு விழுந்த சத்தம் கேட்டது. அப்போதும் அசையவில்லை. எனக்கு அழுகை வந்தது, இருமிச் சமாளித்துக்கொண்டேன்.

"கருவி இங்கயே இருக்கட்டும்" என்று சமாத் படிவத்தில் எழுதினான். எழுந்து நடந்தவன் பின்னறை வாசலில் நின்றான்.

"அந்தக் குழாய் வரைபடத்துல இல்லையே?"

"நோட்டுல இருக்கு."

நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தான். புரூல் தட்டோடு வந்து, அவன் கையில் ஒரு பொர்சோக்கை வைத்துவிட்டு, ஓரமாக நின்று உதட்டுக்குள் ஓதி, இரு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டாள். நானும் தடவிக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"மார்ச் பதிமூணு, காத்துக் குழாய் திரும்ப மாட்டினது" என்று வாசித்த சமாத் பொர்சோக்கை மெல்லுவதை நிறுத்தினான். "செய்தவர், எகோர் லுக்கிச். அதுக்குக் கீழதான் உங்க பேரு. யாரு எஜே இவரு? ஊழியர் பட்டியல்ல இப்படி ஒரு பேரே இல்லையே?"

"இருக்காது" என்றேன். "அவரு வியாழக்கிழமை மட்டும்தான் வருவாரு."