கடைசிப் பக்கம் வரைக்கும்

கருப்பம்மா அத்தை பெட்டியில் கிடத்தியிருந்த தன் அண்ணன் மாரிசாமியின் வலது கைப்பக்கம் வெற்றிலைப் பொட்டலத்தை வைத்தாள். இடது பக்கம் அவர் தேயிலைச் செடி வெட்டிய கவ்வாத்துக் கத்தி. பிறகு பலகைத் தட்டிலிருந்த மெலிந்த புத்தகத்தை எடுத்து அவர் நெஞ்சின்மேல் சாத்தினாள். மாரிசாமியின் மகள் துஷாந்தினிக்குப் பகீரென்றது.

அது அவளுடைய புத்தகம். வெப்சைட்டை ஓட்டுகிற சேர்வருக்கு புரோகிராம் எழுதச் சொல்லித்தரும் இங்கிலீசுப் புத்தகம். திங்கட்கிழமை பதுளையில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் பரீட்சை. இன்னும் பாதிப் புத்தகம் மிச்சம்.

நெஞ்சுவலிக்கு மருந்தெடுக்கப் போன மாரிசாமிதான் பதுளையில் ஜௌபரின் பழைய புத்தகக் கடையில் அதை வாங்கி வந்தார். ஜௌபர் இரண்டைக் காட்டினாராம். இங்கிலீசில் ஓர் எழுத்தும் தெரியாத மனிதர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் புரட்டிப் பார்த்திருக்கிறார்.

"தடிச்ச புத்தகத்துல மொத முப்பது பக்கந்தான் அழுக்கு. அதுக்கு மேல எவனும் போகல. இதுல கடைசிப் பக்கம் வரைக்கும் வெரல் பட்டிருக்கு. எதும்மா நல்ல புத்தகம்?" என்று வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டார்.

கொழுந்து பார்க்கிற மாதிரி புத்தகம் பார்த்திருக்கிறார் என்று தோட்டத்து வரிசை வீடுகள் அத்தனையும், லயமே சிரித்தது. துஷாந்தினியும் சிரித்தாள். தங்கச்சிமேல் இரக்கப்பட்டு, கொழும்பில் வேலை செய்யும் சுரேஸ் அந்தத் தடித்த புத்தகத்தையே புதிதாக வாங்கி வந்தான். சரியாக முப்பதாம் பக்கத்தில் அவளும் நின்றுபோனாள். வேறு வழியில்லாமல் அழுக்குப் புத்தகத்தைத் திறந்தாள். போன வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்பில், அவள் எழுதியது பக்கத்துக் கம்ப்யூட்டரில் பளிச்சென்று வந்து நின்றது. அப்பாவிடம் சொன்னால் அவர் மிதப்பைத் தாங்க முடியாது, மெதுவாகச் சொல்லலாம் என்றிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை அவர் கவ்வாத்து மலையிலேயே சாய்ந்துவிட்டார்.

"அத்தே, அது எனக்கு வேணும்."

"பொணத்துக்குக் குடுத்தத புடுங்குவாங்களாடி? லயம் லயமா கொண்டுபோய்க் காட்டுனாரே மனுசன். வெறும் நெஞ்சோட அனுப்பச் சொல்றியா?"

துஷாந்தினி அண்ணனைப் பார்த்தாள். சுரேஸ் உள்ளே போய், ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்திருந்த தடித்த புத்தகத்தைத் தூக்கி வந்தான்.

"இத வையுங்க அத்தே. அங்க அப்பாவுக்கு நேரம் கெடக்கு. படிச்சு முடிக்கட்டும்."

அத்தை இரண்டையும் கையில் எடை பார்த்தாள். கனமானதுதான் மரியாதை என்று அவளுக்கும் பட்டிருக்க வேண்டும்; மெலிந்ததைத் துஷாந்தினியிடம் நீட்டினாள்.

தப்பு மேளச் சத்தத்தோடு பெட்டி மேட்டில் ஏறியது. எலும்பும் தோலுமாக இருந்த ஆளுக்கு இம்புட்டு கனமா என்று தூக்கியவர்கள் முனகினார்கள். வாசலில் அழுதுகொண்டிருந்த அத்தை முந்தானைக்குள் ஒரு தடவை சிரித்துவிட்டு மறுபடி அழுதாள்.

மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் குளிக்கக் கூப்பிட்டார்கள். வாரேன் என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்தில் துஷாந்தினி புத்தகத்தைத் திறந்தாள். எண்பத்தேழாம் பக்கம். அப்பாவின் நெற்றியில் பூசிய திருநீறு அவள் கட்டைவிரலிலிருந்து பக்கத்தின் ஓரத்தில் ஒட்டியது.

ஊதிவிடவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.