எழுதாத செவ்வாய்க்கிழமை

பதிவேட்டில் எழுத மறந்த ஒரு செவ்வாய்க்கிழமையோடு அவளுடைய பீன்ஸ் பந்தல் மறைந்துபோனது. குச்சி நட்ட குழிகள்கூட இல்லை. முந்தைய ஆண்டு, கிளறிய தேதி குறிக்காத எருக்குவியல் போயிருந்தது. ஆகவே யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. இயற்கை விவசாயச் சான்றிதழ் கொடுக்கும் அலுவலகத்தின் ஆய்வாளர் முதல் வருடமே சமையலறை மேசையில் உட்கார்ந்து சொல்லியிருந்தார்: "அக்கா, எழுதாதது நடக்கலைன்னு அர்த்தம்." அவர் அலுவலகப் பேச்சாகத்தான் சொன்னார். நிலம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

சான்றிதழ் இல்லாவிட்டால் நகரத்துக் கடை அவள் தக்காளியைத் தொடாது. இருப்பது இரண்டு ஏக்கர். அதனால் எழுதினாள். விதை எங்கே வாங்கியது, கூடையை எத்தனை முறை கழுவியது, இரவல் வாங்கிய மண்வெட்டி அதற்கு முன் யார் நிலத்தைக் கொத்தியது என்று, அடுப்பில் பால் பொங்கி வழிய வழிய எழுதினாள். பக்கத்து நிலத்துக்காரர் பூச்சிமருந்து அடித்தால் அந்த நேரத்தையும் காற்றின் திசையையும் அவள்தான் எழுத வேண்டும். அவரிடம் ஒரு தாள் கேட்பாரில்லை. அவர் நிலத்தில் ஒரு செடியும் மறையவில்லை.

"என்ன தங்கச்சி, பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்பார் வேலியோரம் நின்று.

"நீங்க எழுதாமலே பாஸ் அண்ணே. நான்தான் வருஷா வருஷம் உக்காரணும்."

சிரித்துவிட்டுப் போவார். அவள் பேனாவை அழுத்தி எழுதுவாள். விஷம் தெளிப்பவரை யாரும் கேட்பதில்லை. தெளிக்காதவள், தெளிக்கவில்லை என்று நாள்தோறும் நிரூபிக்க வேண்டும்.

நான்காம் ஆண்டு அவளுடைய இடது கை முழங்கை வரை மறைந்தது. மறு ஆண்டு வலது கையும். வலி இல்லை. கைகள் களை பிடுங்கின, கூடை தூக்கின, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கரண்டி தானாக வருவதைக் கணவன் இரண்டு நாள் பார்த்தான், மூன்றாம் நாள் பழகிவிட்டது.

ஆறாம் ஆண்டு ஆய்வாளர் அளவு நாடாவோடு வந்தார். வேலியிலிருந்து எட்டு மீட்டர் இடம் விட்டுவிட வேண்டும், அதில் விளைவது சான்றிதழில் சேராது என்றார். தக்காளி முழுக்க அங்கேதான் பழுத்து நின்றது.

"மருந்து அடிக்கிறது அவரு. இடம் விடறது நானா, தம்பி?"

"விதி அப்படிக்கா. அவருதான் நம்ம பட்டியல்லயே இல்லையே."

பிறகு நாற்காலியில் சாய்ந்து தேநீரை வாங்கிக்கொண்டு, "இன்னிக்கு நான் வந்ததை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இல்லாட்டி நான் வரவே இல்லைன்னு ஆயிடும்," என்றார். அவளுடைய வெற்றுச் சட்டைக் கைகளைப் பார்த்து, "போட முடியும்ல?" என்றும் கேட்டார்.

அவள் பதிவேட்டைப் புரட்டினாள். 'வேலை செய்தவர்' என்ற பத்தியில் ஆறு ஆண்டுகளாகக் கணவன் பெயர், கூலிக்கு வந்தவர்கள் பெயர். அவள் பெயர் ஓரிடத்திலும் இல்லை. "வீட்டு ஆளை எதுக்கு எழுதறது?" என்று கணவன் ஒருமுறை சொன்னதுண்டு. ஆனால் பேனா அவளிடம்தான் இருந்தது. எல்லோரையும்விடத் தன் மேல்தான் அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடக் கோபத்தை அவள் எங்கும் எழுதவில்லை. அது மட்டும் மறையாமல் இருந்தது.

தக்காளி பறிப்பு, ஆறு கூடை என்று எழுதி, எதிரே தன் பெயரை முழுதாக எழுதினாள். மை பட்ட விரல்கள் முதலில் தெரிந்தன, பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை. வருகைப் பத்தியை வெறுமையாக விட்டுப் பதிவேட்டை மூடினாள். நிமிர்ந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. தேநீரில் இன்னும் ஆவி பறந்தது. அதை அவளே குடித்தாள்.

ஆண்டுதோறும் அலுவலகத்திலிருந்து கடிதம் வருகிறது: ஆய்வாளர் இன்னும் புறப்படவில்லை, அவர் வரும்வரை பழைய சான்றிதழே செல்லும். பக்கத்து நிலத்துக்காரர் மருந்து அடிப்பதை அவள் எழுதுவதில்லை. அவருடைய தெளிப்பானிலிருந்து எதுவும் வெளியே வருவதுமில்லை. கணவன் பெயரை அவன் வேலை செய்த நாட்களில் மட்டும் எழுதுகிறாள். மற்ற நாட்களில் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறான்.

"என்னையும் எழுதேன்," என்கிறான்.

"கூடையைத் தூக்குங்க, எழுதறேன்."