ஸ்டிக்கர் உரியாத தண்ணீர்

செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் இறுகிக் கிடந்த சேற்றை நீலமேகம் விளக்குமாற்று ஈர்க்கால் நோண்டிக்கொண்டிருந்தான். காலையில் ஆரம்பித்த வேலை. வெயில் உச்சிக்கு வந்தும் வண்டி பாதிகூட வெளியே வரவில்லை. சோழவரத்துப் பக்கம் ஏரிமண்ணில் குதிக்கவிட்டுக் கொண்டுவந்த பைக் அது. களிமண் காய்ந்து செங்கல்லாகப் பிடித்திருந்தது. பழைய மோட்டார் குழாயில் வந்த தண்ணீர் அதன்மேல் பட்டு வழிந்ததே தவிர ஒரு கட்டியும் அசையவில்லை. லாரி கழுவ அந்தத் தண்ணீர் போதும். இந்த வண்டியோ சந்தும் பொந்துமாக இருந்தது. எந்த எழவெடுத்தவன் இப்படிச் செய்தான் என்று முனகினாலும், ஒவ்வொரு சந்தும் எங்கே போய் முடிகிறது என்று குனிந்து பார்க்காமல் அவனால் இருக்க முடியவில்லை.

வண்டிக்காரன் ஜெரின், பாரிமுனையில் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. ஒழுங்காகக் கழுவிக் கொடுத்தால் கூட்டாளிகளின் வண்டிகளையும் ஞாயிறுதோறும் இங்கேயே விடுகிறோம் என்றான். ஆனால் ஒரு கீறல் விழக்கூடாது, ஒரு ஸ்டிக்கர் உரியக்கூடாது. எல்லாம் கப்பலில் வந்த வண்டிகள்.

வாட்டர் சர்வீஸ் கொட்டகையின் முதலாளி சுயம்பு அண்ணாச்சிக்கு அதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் லாரிகள் நின்று கழுவிப் போன காலம் முடிந்து, கொட்டகை ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. இழுத்து மூடிவிட்டுப் பழைய இரும்பு குடோனுக்கு விட்டுவிடப் போவதாக அண்ணாச்சி பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விம்கோ நகரில் பார்த்த கம்பெனி வேலை போனபிறகு நீலமேகத்துக்குக் கிடைத்தது இந்தக் கொட்டகைதான். இதுவும் மூடினால் வேறு கதி இல்லை. அன்று இரவு சோறு போட்டபடி அவன் மனைவி எழில்மொழி, இனிமேல் அந்தச் சேறுதான் நமக்குச் சோறு போலிருக்கிறது என்றாள். அவனும் சிரித்தான். உள்ளுக்குள் பயமாக இருந்தது.

கழுவும் மிஷின் ஒன்று வாங்க அண்ணாச்சி அவனை ராயபுரத்துக்குக் கூட்டிப்போனார். கப்பலிலிருந்து கழற்றி வரும் சாமான்களை விற்கும் அலி அக்பர் கடை. நீலமேகம் வெறுங்கையோடு போகவில்லை. ஜெரின் கழற்றிப்போட்டிருந்த பழைய மட்கார்டைச் சேறும் ஸ்டிக்கருமாக அப்படியே சாக்கில் சுற்றி எடுத்துப்போனான். பல்லைப் பார்க்காமல் மாடு பிடிப்பானா எவனாவது?

முதலில் மஞ்சளாக, குழந்தைபோல ஒரு மிஷின். உய்யென்று கத்தியது. சேறு நனைந்ததோடு சரி. இரண்டாவது இரும்புச் சக்கரம் வைத்தது, கன்றுக்குட்டி உயரம். கப்பல் தளத்தில் துரு எடுப்பதாம். திறந்ததும் சேறும் போனது, ஸ்டிக்கரும் போனது, அடியிலிருந்த பெயின்ட்டும் போனது. அண்ணாச்சி நாலடி பின்னால் நகர்ந்தார்.

மூன்றாவதைப் பார்த்ததும் நீலமேகத்துக்குப் பிடித்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியின் முனையில் திருகுகிற மூக்கு ஒன்று இருந்தது. ஒருபக்கம் திருகினால் தண்ணீர் விசிறியாக விரிந்தது. மறுபக்கம் திருகினால் ஊசியாகக் குவிந்தது. அதே மோட்டார், அதே தண்ணீர். எப்படி?

"பாய், அத்தக் கொஞ்சம் கழட்டிக் காட்டேன். உள்ள இன்னாதான் கீதுன்னு பாத்துடறேன்."

அலி அக்பர் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். உள்ளே கடுகளவு ஓட்டை. நீலமேகம் அதை வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். இவ்வளவு சின்ன வழியில் இத்தனை தண்ணீரும் முண்டியடித்து வந்தால் கோபம் வராமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டான். விசிறியாக வைத்து மட்கார்டில் அடித்தான். சேறு பாளம் பாளமாக விழுந்தது. ஸ்டிக்கர் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தான், அசையவில்லை. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அண்ணாச்சி கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டார். ரேடியேட்டர் தகடு வளையுமா, சக்கரத்துக் கிரீஸ் கரையுமா, சீட்டுத் துணி கிழியுமா. தள்ளி நின்று அடித்தால் ஒன்றும் ஆகாது என்று அலி அக்பர் சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி கொண்டுவந்து வைத்தார்.

"இத்தயும் எடுத்துகினு போங்கோ. கப்பல்ல பூட்ஸ் இல்லாம இந்த மிஷினத் தொடவே வுட மாட்டானுங்கோ."

"தண்ணிக்குள்ளயே கெடக்கவனுக்கு பூட்ஸ் எதுக்கு பாய்? அவன் காலு பொறந்ததுலேருந்து நனைஞ்சுக்கிட்டுதான கெடக்கு" என்றார் அண்ணாச்சி.

நீலமேகமும் கூடவே சிரித்தான். பூட்ஸுக்கு அடம்பிடிக்கப்போய் அண்ணாச்சி மிஷினே வேண்டாமென்று கிளம்பிவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. சைலன்ஸர் வாயில் தண்ணீர் போனால் இன்ஜின் கெட்டுவிடும் என்று ஜெரின் ஒவ்வொரு வாயிலும் பிளாஸ்டிக் கவர் மாட்டி ரப்பர் பேண்டு போடச் சொல்லிக்கொடுத்தான். நீலமேகம் அன்று வேலை செய்த மாதிரியே இல்லை, விளையாடிக்கொண்டிருந்தான். சேற்றுக்கு அடியிலிருந்து பச்சையும் ஆரஞ்சுமாக வண்டிகள் வெளியே வந்தன. கடைசி வண்டியின் செயினுக்கு மட்டும் மூக்கை ஊசிக்குத் திருகினான். ஈர்க்கு நாள்பூராவும் நோண்டியதை அது கண்மூடித் திறப்பதற்குள் முடித்தது.

வேலை முடிந்ததும் அதே குழாயில் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவது வாட்டர் சர்வீஸ்காரன் வழக்கம். கிரீஸும் சேறும் விரல் இடுக்கில் தங்கினால் புண் வரும். வருஷக்கணக்காகச் செய்வதைக் கை தானாகச் செய்தது. குழாயை வலது காலுக்குத் திருப்பி அழுத்தினான். மூக்கு ஊசியிலேயே இருந்தது.

வலி என்று பெரிதாக இல்லை. யாரோ சுண்டிவிட்ட மாதிரி இருந்தது. கட்டைவிரலுக்குப் பக்கத்தில் முள் குத்தியதுபோல ஒரு புள்ளி, ரத்தம்கூட வரவில்லை. உள்ளே போன தண்ணீர் எங்கே போயிற்று என்று அமுக்கி அமுக்கிப் பார்த்தான். அண்ணாச்சியிடமும் காட்டினான். மஞ்சள் வை, சரியாகிவிடும் என்றார்.

விடிந்தபோது கால் பூசணியாக வீங்கியிருந்தது. தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டு, அழுக்குத் தண்ணீர் உள்ளே பரவியிருக்கிறது, கீறிக் கழுவவேண்டும், உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போ, அதுவரை ஒரு சொட்டு ஈரம் படக்கூடாது என்றார். போனால் படுக்க வைத்துவிடுவார்கள். நீலமேகம் நொண்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய் அண்ணாச்சியிடம் சொன்னான்.

"வர்ற ஞாயிறு மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போயிரு. வண்டி வேற எடத்துக்குப் போச்சுன்னா நான் மூட வேண்டியதுதான். நீதான பாத்துப் பாத்து எடுத்த மிஷினு? அந்த மூக்கைத் திருக வேற எவனுக்குத் தெரியும்?"

எழில்மொழி கேட்டதும் கொதித்துப்போனாள். "கால எட்த்துட்டா அண்ணாச்சி வந்து நடப்பாரா உனுக்கு?" என்றாள். ஞாயிறுவரை மஞ்சள் வைத்துக் கட்டினார்கள். வீக்கம் கணுக்காலுக்கு ஏறியது. ஞாயிறு காலையில் அவனை விடமாட்டேன் என்று வாசலை மறித்தவள், கடைசியில் பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் காலில் மாட்டி, ரப்பர் பேண்டு இரண்டு போட்டு அனுப்பினாள்.

வண்டிகள் நின்றன. நீலமேகம் கவிழ்த்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்து வலது காலை நீட்டிவைத்தபடியே சைலன்ஸர்களுக்குக் கவர் மாட்டினான். ஜெரின் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். தன் வண்டிக்கு வந்ததும் நின்றான்.

"இது லூஸா இருக்கு அண்ணாச்சி. இன்னொரு ரப்பர் பேண்டு குடுங்க. உள்ள தண்ணி போச்சுன்னா அவ்வளவுதான்."

அண்ணாச்சி சட்டைப்பையைத் தடவினார். மேஜை இழுப்பறையைத் திறந்து மூடினார். சுற்றிலும் தேடிய கண் நீலமேகத்தின் காலில் வந்து நின்றது. யாரும் எதுவும் கேட்கவில்லை. நீலமேகம் குனிந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தான்.

ஜெரின் அதை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினான். நீலமேகம் மூக்கை விசிறிக்குத் திருகித் தண்ணீரைத் திறந்தான். வண்டியில் பட்டுத் திரும்பிய சேற்றுத் தண்ணீர், தளர்ந்த கவருக்குள் கணுக்கால் வழியாக இறங்கியது. ஜெரின் குனிந்து ஸ்டிக்கர் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தான். ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.