தங்க நாயும் வெறும் நாயும்

முதலமடையில் மாங்காய் சீசன் முடிந்து கடைசி லாரியும் கிளம்பிப் போன பிறகு, சென்னியப்பன் வீட்டில் ஓய்வென்பதே இல்லாமல் உழைத்தது அவர் மனைவி கமலாத்தாள் ஒருத்திதான். மதியச் சாப்பாடு ஆனதும் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, போனில் சீட்டுச் சண்டை போடுவாள். விளக்கு வைக்கிற வரைக்கும் போர் நடக்கும்.

மருமகள் நர்மதாதான் அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தவள். மாமியார் கொஞ்ச நேரமாவது அடுப்படிப் பக்கம் வராமல் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம். எண்ணம் பலித்தது. ஆனால் சீக்கிரமே மாமியார் அவளைத் தாண்டி மேல் வரிசைக்கு ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு நர்மதாவின் குழம்பில் மட்டுமல்லாமல் ஆட்டத்திலும் குற்றம் கண்டுபிடிக்கப்பட்டது.

ஆட்டம் எளிதுதான். ஆளுக்கொரு கோட்டை. கையிலிருக்கும் சீட்டுகளை இறக்கி எதிராளியின் கோட்டையை இடிக்க வேண்டும். கமலாத்தாளின் நம்பிக்கைக்குரிய சீட்டு காவல் நாய். அதில் தெளிவாக எழுதியிருந்தது: ‘இது களத்தில் நிற்கும்வரை கோட்டையைத் தாக்க முடியாது.’

அன்றைக்கு வாராந்தரப் போட்டியில் அவளுக்கு எதிரே ஆடியவன் மறையூரைச் சேர்ந்த ஜிபி. கமலாத்தாளின் நாய் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. ஜிபி ‘இடி’ என்ற சீட்டைப் போட்டான். அதில் எழுதியிருப்பது: ‘எதிரியின் கோட்டையைத் தாக்கும்.’ இடி நாயைச் சட்டையே செய்யாமல் தாண்டிப் போய்க் கோட்டையைத் தரைமட்டம் ஆக்கியது. நாய் வாலை ஆட்டிக்கொண்டே நின்றது.

“நர்மதா! இங்க வா கண்ணு. இந்த நாய் செத்துப்போச்சா, உசுரோட இருக்குதா?”

நர்மதா எட்டிப் பார்த்தாள். “உசுரோடதானுங்கத்தை இருக்குது.”

“பின்ன எப்படி உள்ள வந்தான்?”

“இடிக்கு நாயெல்லாம் கணக்கு இல்லைங்களாட்ட இருக்குதுங்க.”

“போன வாரம் இதே ஜிபியோட நாய் மேல நான் இடியைப் போட்டேன். ‘கோட்டையைத் தாக்க முடியாது’ன்னு எழுத்து வந்துச்சு. என்ற இடிக்கு மட்டும் கணக்கு இருக்குதா?”

நர்மதா யோசித்தாள். அவனுடையது தங்க நாய் என்பது ஞாபகம் வந்தது. சீட்டில் எழுத்தெல்லாம் ஒன்றுதான். நாய் மட்டும் மஞ்சளாக மின்னும், அவ்வளவுதான்.

“கம்பெனிக்குப் பராதி குடுக்கலாமுங்கத்தை.”

கமலாத்தாள் அதற்கு முன் பஞ்சாயத்திலும் மின்சார ஆபீசிலும் புகார் கொடுத்திருக்கிறாள். அங்கெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளவாவது ஓர் ஆள் இருந்தார். இங்கே உதவி என்ற பொத்தானை அமுக்கினால் ‘நிலா’ என்று ஒருத்தி சிரித்துக்கொண்டு வந்தாள். படம்தான். நர்மதா தட்டச்சு செய்ய, கமலாத்தாள் சொல்லச் சொல்லப் பராதி போனது. பதில் உடனே வந்தது.

‘அன்பு வீராங்கனையே! உங்கள் உணர்வுகளை நாங்கள் மிகவும் மதிக்கிறோம்.’

“என்ற உணர்வை யாரு கேட்டா? நாய் எதுக்குச் சும்மா நின்னுச்சுன்னு கேளு.”

கேட்டாள். நிலா கொஞ்சம் யோசிப்பதுபோல மூன்று புள்ளிகளைக் காட்டிவிட்டுச் சொன்னாள்: ‘இடி என்பது தாக்குதல் அல்ல. அது ஓர் இயற்கை நிகழ்வு.’

‘சீட்டில் தாக்கும் என்றுதானே எழுதியிருக்கிறது?’ என்று நர்மதா கேட்டதற்கு, ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி! இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ என்று பதில் வந்தது.

ஈசிச் சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சென்னியப்பன் அதுவரை பொறுத்திருந்ததே பெரிது. “ஏம்புள்ள, பொம்மை நாய்க்கு இத்தனை ரகளையா?”

“ஏனுங்க, உங்க கிளப்புல ஒருத்தருக்கு மட்டும் ஜோக்கர் வெட்டும், மத்தவங்களுக்கு வெட்டாதுன்னு சொன்னா, கும்பிட்டுட்டு ஊட்டுக்கு வந்துருவீங்களா?”

சென்னியப்பன் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். அந்தக் கேள்விக்குக் கிளப்பில் பதில் உண்டு; வீட்டில் சொல்ல முடியாது.

கமலாத்தாள் நேராக எதிராளியையே பிடித்தாள். ஆட்டத்துக்குள்ளேயே பேசுகிற வசதி இருந்தது. ஜிபி மறையூர்–மூணாறு பஸ்ஸில் கண்டக்டர். டிரிப்புக்கு டிரிப் நடுவில் பஸ் ஸ்டாண்டில் நின்று ஆடுவான். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். ஜெயித்தவனைக் கூப்பிட்டுத் திட்டுகிற பழக்கம் இந்த ஆட்டத்தில் உண்டு என்பதால் கொஞ்சம் பயந்துதான் எடுத்தான்.

“சொல்லுங்கக்கா. கோவமா இருக்கீகளா?”

“உங்க மேல எனக்கென்னங்க தம்பி கோவம்? ஒரு சின்னச் சோதனை பண்ணோணும். நான் நாயை இறக்குறேன், நீங்க இடி போடுங்க. அப்புறம் நீங்க நாயை இறக்குங்க, நான் போடுறேன்.”

போட்டார்கள். கமலாத்தாளின் நாய் வாலாட்டியது, கோட்டை போனது. ஜிபியின் தங்க நாய் ஒரு குரை குரைத்தது, இடி வந்த வழியே திரும்பிப் போனது. இன்னொரு தடவையும் பார்த்தார்கள். இயற்கைக்குக் கூடத் தங்கம் தெரிந்திருந்தது.

ஜிபி இரண்டு சீட்டுகளையும் மறுபடி படித்துப் பார்த்தான். “நீங்க சொல்லுதது சரிதான்க்கா. ரெண்டுலயும் ஒரே எழுத்துதான் எழுதிருக்கு. நான் என்னமோ நல்லா ஆடுதேன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்.”

“நல்லாத்தான் ஆடறீங்க. உங்க நாய் கொஞ்சம் எச்சாவே ஆடுது.”

“இந்த நாயி போன கிறிஸ்மஸ் போட்டியில ஜெயிச்சதுக்கா. எங்க பஸ்ல டிரைவர்லேர்ந்து எல்லாருக்கும் காட்டிருக்கேன். கம்பெனிக்குத் தெரிஞ்சா இதோட பவரப் புடுங்கிருவானுகளே.”

“புடுங்கச் சொல்லி நான் கேக்கலீங்க. என்ற நாயும் குரைக்கோணும். அவ்வளவுதான்.”

அந்தப் பக்கம் டிரைவர் ஹாரன் அடிப்பது கேட்டது. ஜிபி ‘வாரேன்க்கா’ என்று வைத்துவிட்டான். இனி அவன் போனை எடுக்கமாட்டான் என்று கமலாத்தாள் நினைத்தாள். கையில் இருப்பதை எவன் விடுவான்? ஆனால் மறுநாள் காலை அவனே அவளுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். இரண்டு நாய்களும் இரண்டு இடிகளும் அதில் பதிவாகியிருந்தன. ‘கம்பெனிக்கும் அனுப்பிட்டேன்க்கா. எம்பேரப் போட்டே அனுப்பிருக்கேன்’ என்று கீழே எழுதியிருந்தான்.

கமலாத்தாள் அதை இரண்டு முறை படித்தாள். “நெம்ப நல்ல பையன்” என்று நர்மதாவிடம் சொன்னாள். தன்னை ஜெயித்தவர்களைப் பற்றி அவள் அப்படிச் சொல்லி நர்மதா கேட்டதில்லை.

கம்பெனியிலிருந்து அந்த வாரமே முடிவு வந்தது. வேகத்தைக் குறை சொல்ல முடியாது. விளையாட்டைத் திறந்ததும் திரை முழுக்க வாணவேடிக்கை. ‘வீரர்களின் கோரிக்கையை ஏற்று, காவல் நாய்ச் சீட்டில் இருந்த குழப்பம் நீக்கப்பட்டது!’

கமலாத்தாள் ஆவலோடு சீட்டைத் திறந்தாள். நாய் அதே நாய்தான். எழுத்தில் ஒரு சொல் கூடியிருந்தது: ‘இது களத்தில் நிற்கும்வரை கோட்டையைப் பெரும்பாலும் தாக்க முடியாது.’

தங்க நாயின் சீட்டில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. முன்பு அநியாயம் தவறுதலாக நடந்துகொண்டிருந்தது. இப்போது எழுத்துப்பூர்வமாக நடக்கும். கூடவே, பராதி கொடுத்தவர்களின் விழிப்புணர்வைப் பாராட்டி ஒரு பரிசும் வந்திருந்தது. நாயின் வாயில் வைத்து அழகு பார்ப்பதற்கு ஓர் எலும்பு.

நர்மதாவால் அடக்க முடியவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கமலாத்தாள் சிரிக்கவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் எரிந்தது. ஏமாற்றியது ஒருபக்கம், ஏமாந்ததற்கு நன்றி சொல்லிப் பரிசும் கொடுக்கிறார்களே என்றுதான் அதிகம் எரிந்தது.

“அந்த எலும்பை எடுத்துக்குட்டீங்களாத்தை?”

“எடுக்காம? அதையும் தங்க நாய்க்குப் போட்டுருவானுங்க.”

சொல்லிவிட்டு அவளும் சிரித்துவிட்டாள். பிறகு நாய்ச் சீட்டைத் தன் சீட்டுக்கட்டிலிருந்து எடுத்து ஓரமாகப் போட்டாள். பெரும்பாலும் காக்கிற காவல் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. நாய் இல்லாமல் ஆடக் கற்றுக்கொள்ளக் கொஞ்ச நாளாயிற்று. வரிசையில் கீழே இறங்கி, நர்மதாவுக்கும் கீழே போனாள். அந்த நாட்களில் குழம்பு ரொம்பவும் மோசமாக இருந்ததாகச் சொல்லப்பட்டது.

மழை பிடித்த பிறகு ஒரு மத்தியானம் மறுபடியும் ஜிபி எதிரே வந்தான். கமலாத்தாள் இடியைக் கையில் வைத்துக்கொண்டு தங்க நாய்க்காகக் காத்திருந்தாள். அது வரவே இல்லை. பாதி ஆட்டத்தில் பொறுக்காமல் அழைத்தாள்.

“தம்பி, உங்க நாய் எங்கீங்க?”

“கட்டுலயிருந்து எடுத்துட்டேன்க்கா. ஜெயிக்குதது நானா நாயான்னு தெரியல. அதான்.”

கமலாத்தாள் வெளியே மழையைப் பார்த்தாள். “மறையூர்ல மழைங்களா?” என்று மட்டும் கேட்டாள். சாரல்தான் என்றான். இருவரும் நாயில்லாமல், இடிக்கு இடி, வாளுக்கு வாளாக நெடுநேரம் ஆடினார்கள். பார்த்துக்கொண்டிருந்த நர்மதா அடுப்பில் பாலை வைத்ததையே மறந்துவிட்டாள். கடைசியில் ஜிபி ‘பாம்பாட்டி’ என்ற சீட்டைப் போட்டு ஜெயித்தான்.

“நல்ல ஆட்டம்க்கா,” என்றான், மனதார.

“நல்ல ஆட்டம்தானுங்க,” என்றாள் கமலாத்தாள். கண்ணாடியை மூக்கின் மேலே ஏற்றிக்கொண்டாள். “அந்தப் பாம்பாட்டிச் சீட்டுல என்ன எழுதியிருக்குதுன்னு கொஞ்சம் சத்தமாப் படிங்க பார்க்கலாம்.”