அம்புஜத்தின் கிணற்றுக் கிளிமீன்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு சித்திரையில், கருமத்தம்பட்டிக்குக் கிழக்கே அம்புஜத்தின் கிணற்றில் கிளிமீன்கள் பாறை தின்ன ஆரம்பித்தன. அந்த மாதம் பருத்தி விலை இறங்கியிருந்தது, எள்ளு ஏறியிருந்தது. மீன்கள் நாற்பது இருக்கும். முழ நீளம், பச்சையும் நீலமுமாக உடம்பு, கிளி மூக்காட்டம் வாய். கடல் மீனுக்கு இந்தக் காட்டில் என்ன வேலை என்று ஊர் இரண்டு நாள் பேசியது. மூன்றாம் நாள் அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விட்டார்கள். மீன்களும் தங்கள் சோலியைப் பார்த்தன. பாறையைக் கறுக் கறுக்கென்று கடித்து வெள்ளை மணலாகக் கழிந்தன. வெடி வைக்காமல், கடப்பாரை படாமல், வருஷத்துக்கு ஆறடி கிணறு ஆழமானது. அம்புஜத்தின் புருஷன் பாலகோபால் அந்த மணலை அள்ளியே மச்சு வீடு கட்டிவிட்டார்.

பொறுக்குமா வெங்கடலட்சுமிக்கு? பாலகோபாலின் அண்ணன் கோவிந்தராஜுலுவின் சம்சாரம் அவள். பாகம் பிரித்தபோது நல்ல கிணறு அவளுக்குத்தான் வந்தது. அம்புஜத்தின் கிணற்றுக்கு அறுபதடி தள்ளி, நடுவில் ஒரு வேலி. சும்மா சொல்லக் கூடாது, சுத்தத்தில் அவளை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. கிணற்றுப் படிகளையும் சுற்றுப் பாறையையும் வாரா வாரம் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பாள். அம்புஜமோ துணி துவைக்கிற கல்லைக்கூடக் கழுவாத சோம்பேறி. அவள் கிணற்றில் பச்சைப் பாசி ஆள் உயரத்துக்கு அப்பிக் கிடந்தது. 'அந்த அழுக்குக் குழிக்குப் போயா மீன் இறங்கும்? சாமிக்குக் கண் அவிஞ்சா போச்சு?' என்று வெங்கடலட்சுமி அவிநாசிக் கோயிலில் நின்றே கேட்டாள். அவளுடைய சுத்தமான கிணறோ வருஷா வருஷம் வற்றியது. கோவிந்தராஜுலு வெடி வைத்து வைத்து இருபதடி இறக்கினார். வந்தது புழுதிதான். பருத்தி நின்ற இடத்திலேயே காய்ந்தது. இன்னும் நாலு வருஷம் இப்படியே போனால் பருத்திக் காட்டை விற்றுவிட்டு மில் வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று கோவிந்தராஜுலு சொல்லிவிட்டார்.

ஐம்பத்தெட்டில், வெங்கடலட்சுமி வெட்கத்தை விட்டு இரண்டு மீன் கேட்டாள். அம்புஜம் மறுபேச்சில்லாமல் குடத்தில் போட்டுக் கொடுத்தாள். யாராக இருந்தாலும் வயிறு நிறையப் போட்டால் தங்கிவிடுவார்கள் என்பது கொங்கு நாட்டுக் கணக்கு. வெங்கடலட்சுமி பச்சரிசிச் சோறு போட்டாள், கடலைப் புண்ணாக்கு போட்டாள், மண்புழு தோண்டிப் போட்டாள், கடைசியில் விருந்துக்குச் சுடுகிற நெய் விட்ட இனிப்பு ஒப்புட்டே போட்டுப் பார்த்தாள். மீன்கள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடியில் கிடந்த கொஞ்சத் தண்ணீரில், தேய்த்து மின்னிய பாறையைச் சுற்றிச் சுற்றி வந்து இளைத்துப்போயின. வேறு வழியில்லாமல் அவளே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தாள்.

"பரவால்லீங்க அக்கா. நாங்க ஒண்ணுமே போடறதில்லீங்க, அதுங்களா எதையோ தின்னுக்குது" என்றாள் அம்புஜம். வெங்கடலட்சுமிக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

விஷயத்தை உடைத்தவள் சபுரா, கடலோரக் கீழக்கரையிலிருந்து வாக்கப்பட்டு வந்து சந்தையில் கருவாடு விற்கிறவள். "அட என்னங்கம்மா நீங்க! இது புழு பூச்சி தொடாத மீனுங்க. பாறையில புடிச்ச பாசிதான் அதுக்குச் சோறு. அந்தப் பாசியச் சொரண்டத்தான் பாறையையே கடிக்குது. நீங்க தேய்ச்சுத் தேய்ச்சு அதுங்க சோத்துல மண்ணப் போட்டுட்டீங்க."

அன்றைக்குத் தேங்காய் நாரைக் கீழே போட்ட வெங்கடலட்சுமி, மூன்று வருஷம் அதைத் தொடவில்லை. அது லேசான காரியமா? படியில் கால் வழுக்கும்போதெல்லாம் கை துறுதுறுக்கும். கண்ணை மூடிக்கொள்வாள். பெரியூட்டு அம்மணிக்கு என்னமோ ஆயிப்போச்சு என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். முதல் வருஷம் மஞ்சளாகப் படிந்தது, இரண்டாம் வருஷம் பச்சையாகத் தழைத்தது. மூன்றாம் வருஷம் பாறைக்குள்ளிருந்து கறுக் கறுக்கென்று சத்தம் கேட்டது. அந்தப் பாசியை மோப்பம் பிடித்து, மீன்கள் நடுவிலிருந்த அறுபதடியையும் தின்றுகொண்டு வந்தன. அறுபத்திரண்டு தை மாதம் நடு மத்தியானம் முறத்தளவு பொந்து விழுந்தது. முதலில் மீன் வந்தது, பின்னாலேயே அம்புஜத்தின் தண்ணீர் வந்தது.

வெங்கடலட்சுமி மீனைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்க்கவில்லை, வேலிக்கு ஓடினாள். அம்புஜம் வயிறெரிந்து நிற்கிற முகத்தை ஆறு வருஷமாகக் கனவு கண்டிருந்தாள். அங்கே தண்ணீர் பதினைந்தடி இறங்கியிருந்தது. அம்புஜம் படியில் உட்கார்ந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரட்டுமுங்க அக்கா" என்றாள். "உங்க பருத்தி காயறதப் பாத்துப்போட்டு மூணு வருசமா எனக்குச் சோறு எறங்கலீங்க."

வெங்கடலட்சுமி வீட்டுக்குப் போய்ப் படுத்தவள் இரண்டு நாள் எழவில்லை. மீன் வந்துவிட்டது, தண்ணீர் வந்துவிட்டது, அம்புஜத்தின் அந்த மனசை எந்தப் பொந்து வழியாகக் கொண்டுவருவது? பொறாமை தீரவில்லை, இன்னும் கூடித்தான் போயிற்று.

அறுபத்தேழுக்குள் மீன்கள் நடுப்பாறை முழுவதையும் தின்று முடித்தன; இரண்டு கிணறும் ஒரே கிணறாயின. மத்தியானங்களில் இரண்டு பேரும் ஒரே படியில் உட்கார்ந்து மீன் மேய்வதைப் பார்ப்பார்கள். ஒருநாள் வெங்கடலட்சுமி சொல்லியேவிட்டாள்: "நல்லவளா இருந்தே என்னக் கொல்றயே அம்மணி."

அம்புஜம் சிரித்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து நிழலில் அவளுக்கு இடம் விட்டாள். வெங்கடலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். மீன்கள் தின்றுகொண்டிருந்தன. அந்த வருஷம் மழை சுமார்.