பின்கதவைப் பற்றிச் சாட்சி சொன்ன குரல்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் பொத்தான்காரியின் குரல் மட்டும் தனியாக நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொன்னது. அந்த நேரத்தில் அவள் வீட்டில், தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால், மகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சட்டை தைக்கும் ஆலையில் பதினொரு வருஷம் பொத்தான் பிரிவில் இருந்தவள். ஆலை எரிந்த அன்று கிடங்கில் பொத்தான் பெட்டி எடுக்க வெளியே வந்திருந்தாள். உள்ளிருந்து ஆட்கள் பின்கதவை இடித்தபோது, அதைப் பூட்டிய மேலாளர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்ததைப் பார்த்தாள். பதினான்கு பேர் செத்தார்கள். அவர்களில் ஒருத்தி அவளுடைய தங்கை. வழக்கு விசாரணைக்கு வர ஆறு வருஷம் ஆனது. அதற்குள் மற்ற நான்கு சாட்சிகளும் பிறழ்ந்துவிட்டார்கள். ஒருத்தி அன்று லீவு என்றாள். துணி வெட்டும் மாஸ்டர் தனக்குக் கண்பார்வையே மட்டு என்றார்.

மிச்சமிருந்தது இவள் ஒருத்தி. ஒரு மாதமாக முதலாளியின் ஆட்கள் இரண்டு பேர் எதிர்க்கடை வாசலில் பைக்கை நிறுத்தி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அதட்டவில்லை, அடிக்கவில்லை. பள்ளிவிட்டு வந்த மகளிடம், “எந்த கிளாஸ் பாப்பா?” என்று மட்டும் கேட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“போக வேணாம்டி,” என்றான் பஸ் ஓட்டும் கணவன், சாட்சி சொல்ல வேண்டிய அன்று காலை. “போனவ போயிட்டா. இருக்கறவங்கள பாரு.”

அவள் சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

நீதிமன்றத்தில் டவாலி அவள் பெயரை மூன்றாம் முறை கூப்பிட்டபோது, காலியாக இருந்த கூண்டிலிருந்து, “வந்துட்டேங்கய்யா,” என்று பதில் வந்தது. தட்டச்சு செய்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அதையும் அடித்துவிட்டார். ஆளே இல்லாமல் சாட்சியமா என்று எதிர்த்தரப்பு வக்கீல் குதித்தார். நீதிபதி அரை மணி நேரம் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். சாட்சி பேச வேண்டும் என்று மட்டும்தான் அதில் இருந்தது. குரலை உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். அது தண்ணீர் கேட்டது. கூண்டின் விளிம்பில் வைத்த டம்ளரில் பாதி குறைந்தது.

குரல் நடுங்க நடுங்கக் கதவைச் சொன்னது, சாவியைச் சொன்னது, இடித்த சத்தம் எப்போது நின்றது என்பதையும் சொன்னது. மேலாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

“உண்மைன்னா நேர்ல வந்து சொல்ல என்ன பயம்?” என்று வக்கீல் மடக்கினார்.

“பயம்தாங்க. உடம்பு வரமாட்டேன்னுடுச்சு. நான் மட்டும் வந்தேன்.”

ஆனால் வாக்குமூலத்தில் கையெழுத்து வேண்டும். குரலுக்குக் கை இல்லை. ஐந்து மணிக்குள் அவள் வந்தாக வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார். அரசு வக்கீல் போனில் சொன்னதைக் கேட்டுக் கணவன் வெளிறிப்போனான். அவளோ மகளை அடுத்த வீட்டில் விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பைக்கில் உட்கார்ந்திருந்த ஆட்கள் எழுந்து வந்து மறித்தார்கள். எங்கே போகிறாய் என்று இரண்டு தடவை கேட்டார்கள். அவள் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. ஊமையாகிப் போனவள் எங்கே போனால் என்ன என்று ஒருவன் சிரித்து வழிவிட்டான்.

நீதிமன்றத்தில் பேனா அவள் விரலில் நிற்கவில்லை. கூண்டிலிருந்து அவளுடைய குரலே, “மெதுவா போடு, அவசரமில்ல,” என்றது. மூன்று பக்கத்திலும் போட்டாள்.

மேலாளருக்குப் பத்து வருஷம், முதலாளிக்கு ஏழு. அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள், தோற்றார்கள். குரல் வீடு திரும்பவில்லை. கணவன் விடுமுறை நாளில் நீதிமன்றம் போய், அது பேசுவதைக் கேட்டு வந்து அவளிடம் சொல்வான். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். இப்போது அந்தக் கூண்டில் ஏறுகிறவர்கள் யாரும் நடுவில் நிற்பதில்லை. உள்ளே ஏற்கெனவே ஒருத்தி நிற்கிறாள் என்று தெரியும். கொஞ்சம் ஒதுங்கி நின்று, தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு இறங்குகிறார்கள்.